பொன்னாடையில் விழுந்த ஓட்டை

றொசல்ல,
கீழ்ப் பிரிவு, கோயில் லயம்.
வியாழக்கிழமை.

அக்கரப்பத்தனையில் வசிக்கும் மதிப்பிற்கும் பெருமதிப்பிற்கும் உரிய சம்மந்தி சோலைமலை அவர்களுக்கு, முன்னாள் தோட்டத் தலைவர் ஆண்டியப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும் எங்கள் கோழிகளும் சுகம். அவ்விடம் தாங்களும், சம்மந்தியம்மாவும், தங்கள் மகளும் என் மருமகளுமாகிய லோஜினியும், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அவளோடு கிளம்பி வந்து தங்கள் வீட்டில் சட்டமாக உட்கார்ந்திருக்கும் என் மனைவி பேச்சியம்மாவும் சுகமாக இருக்க மாரியாத்தாளை வேண்டுகிறேன். மருமகள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போவது உலகத்தில் நடக்கிற விசயம்தான். கூடவே மாமியாரும் பையைத் தூக்கிக்கொண்டு போனதை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இங்கே லயத்து வரிசை வீடுகளில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து ஆட்களுக்கு வயிற்று வலியே வந்துவிட்டது.

இந்தக் காலத்தில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். உங்கள் வீட்டுப் போனை எடுப்பது பேச்சியம்மா. என் குரலைக் கேட்டதும், "ராங் நம்பருங்க ஐயா" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். இத்தனை வருசக் குடும்ப வாழ்க்கையில் அவள் என்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதே கிடையாது. சரி, கொழும்பில் கடை வேலையில் இருக்கும் மகன் பிரதாப்பிடம் சொல்லுவோம் என்று அவனைக் கூப்பிட்டால், "தோட்டத்துல எத்தனை புருசன் பொண்டாட்டி சண்டைய தீர்த்து வச்சிருக்கீங்க, இதையும் பேசித் தீர்த்துருங்கப்பா, கடையில ஆள் நிக்குது" என்று அவனும் வைத்துவிட்டான். கடைசியில் எனக்கென்று இருப்பது நீங்கள் ஒருவர்தான். நடந்ததைப் பொம்பளைகள் பக்கமிருந்து மட்டும் கேட்டிருப்பீர்கள். நான் தலைவராக இருந்த காலத்தில் இரண்டு பக்கத்தையும் கேட்காமல் ஒரு நாளும் தீர்ப்புச் சொன்னதில்லை. ஆகையால் என் பக்கத்தையும் பொறுமையாகக் கேட்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மகள் தங்கமான பிள்ளை. அதில் எனக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது. போன வருசம், "மாமா, ஹட்டன்ல கைப்பணி வகுப்பு ஒண்ணு நடக்குதாம், போகட்டுமா?" என்று கேட்டபோது, "போம்மா" என்று பஸ் வரைக்கும் கொண்டுபோய் விட்டவனே நான்தான். பூவேலை, தையல் ஏதாவது படித்துவிட்டு வரும், நாலு வீட்டுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கும் என்று நினைத்தேன். ஆனால் அவள் படித்துவிட்டு வந்தது துணியைச் சேர்க்கிற வேலை இல்லை சம்மந்தி, நல்ல துணியைத் துண்டு துண்டாக வெட்டுகிற வேலை. வெட்டிய துண்டோடு சாக்கு நாரையும், தென்னந்தும்பையும், பிரித்த கம்பளி நூலையும், பொத்தானையும், தேயிலைப் பொட்டலத்துப் பளபளா தாளையும் வைத்துப் பலகையில் ஒட்டித் தைத்துப் படம் செய்வதாம். ஹட்டன் தையல்கடைகளில் கூட்டித் தள்ளுகிற வெட்டுத் துணியெல்லாம் மூட்டை மூட்டையாக எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. சோற்றில் நூல், சம்பலில் நூல், சாமி படத்து விளக்குத் திரியைத் தேடினால் அதுவும் ஏதோ ஒரு படத்தில் வாழைத் தண்டாக நிற்கிறது. நாற்காலியில் உட்காரும் முன் ஊசி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் உட்காருகிறேன். வீட்டுக்கு வந்த பூசாரிகூட இப்போது தடவிப் பார்த்துத்தான் உட்காருகிறார்.

அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு என்னுடைய சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் என் வெள்ளை மப்ளர். இந்தக் குளிரில் மப்ளர் இல்லாமல் எப்படி இருப்பது? பேச்சியம்மாவிடம் கேட்டால், "பூனை தூக்கிட்டுப் போயிருச்சு" என்றாள். அடுத்தது என் கறுப்புக் குடை. "போன காத்துல பறந்துருச்சுல்ல?" என்றாள். வீட்டுக்குள் மாட்டியிருந்த குடை எந்தக் காற்றில் பறந்தது என்று நான் கேட்கவில்லை, அது என் தவறுதான். கடைசியில் நான் கூட்டங்களுக்குப் போட்டுக்கொண்டு போகும் காற்சட்டையில் ஜிப் இல்லை. அதற்கு, "உங்க தொப்பைக்கு அது எத்தனை நாள் தாங்கும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். மாமியாரும் மருமகளும் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் கேட்டேன். கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்பது நல்லதுதானே என்று விட்டதுதான் இன்றைக்கு இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

இனி முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். என் கட்டிலுக்குக் கீழே ஒரு ட்ரங்குப் பெட்டி இருப்பது உங்களுக்குத் தெரியும், பிரதாப்பின் கல்யாணத்தின்போது அதைத் திறந்து காட்டினேன். நீங்கள்கூட ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தீர்கள். அதில் இருந்தது அத்தனையும் எனக்குக் கிடைத்த பொன்னாடைகள். ரோடு திறந்தபோது போர்த்தியது, கோயில் கும்பாபிசேகத்துக்குப் போர்த்தியது, தண்ணீர்க் குழாய் திறந்தபோது போர்த்தியது. குழாயில் இன்றுவரை தண்ணீர் வரவில்லை, ஆனால் பொன்னாடை பளபளவென்றுதான் இருந்தது. எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்குப் பாராட்டு நடந்தாலும் புதிதாகப் பொன்னாடை வாங்குவதில்லை. என் பெட்டியிலிருந்துதான் போகும். பெரிய ஆள் என்றால் வீட்டுக்குக் கொண்டுபோவார். சின்ன ஆள் என்றால் நாற்காலியில் மடித்து வைத்துவிட்டுப் போவார், அது திரும்ப என் பெட்டிக்கே வந்துவிடும். நானே கொடுத்து எனக்கே போர்த்தப்பட்ட பொன்னாடைகளும் அதில் உண்டு. அதில் என்ன வெட்கம்? எல்லாம் ஒரு மரியாதைதானே.

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிள்ளைக் காம்பராவுக்குப் புதுப் பெயின்ட் அடித்துத் திறப்பு விழா வைத்தார்கள். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடமாதலால் பொம்பளைகள் கூட்டம் நிறைய. தோட்டத்தை நிர்வாகம் பண்ணப் புதிதாக வந்திருக்கும் இளம் தொரைதான் பிரதம விருந்தாளி. இப்போதைய தலைவர் சின்னராசா ஓடி வந்து, "அண்ணே, ஒரு பொன்னாடை" என்றான். நானும் பெட்டியைத் திறந்து மேலே இருந்த பிளாஸ்டிக் உறையை அப்படியே எடுத்துக்கொண்டு போனேன். சிவப்புப் பட்டில் தங்கச் சரிகை போட்டது, பெட்டியிலேயே நல்லது. உறையைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். யார் சம்மந்தி பொன்னாடையைப் பிரித்துப் பார்த்துக் கொண்டுபோவார்கள்?

மைக்கைப் பிடித்து, மலையக மக்களின் பண்பாட்டுப் பெருமையைப் பறைசாற்றும் இந்தப் பொன்னாடையை என்று ஆரம்பித்து நன்றாகத்தான் பேசினேன். தொரை நல்ல உயரம். உட்காரச் சொன்னால் மரியாதைக்கு எழுந்து தலையைக் குனிந்து நின்றார். சின்னராசா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து, எட்டாததால் கையை உயர்த்தி, அவர் தலைக்கு மேலாகத் தூக்கிப் போட்டோம். பொன்னாடை போர்த்தும்போது ஆளைப் பார்க்கக் கூடாது, கேமராவைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பழகிப்போன பாடம். அப்படியே கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். போட்டோ எடுக்கிறவன் கேமராவைக் கீழே இறக்கிவிட்டு என்னையே பார்த்தான். திரும்பினேன். தொரையின் தலை பொன்னாடையின் நட்டநடுவில் வெளியே வந்திருந்தது. நடுவில் ஒரு பெரிய வட்ட ஓட்டை. அதைச் சுற்றிச் சின்னச் சின்னதாய் எத்தனையோ ஓட்டைகள். சலூனில் முடி வெட்ட உட்கார்ந்த ஆள் மாதிரி நிற்கிறார் மனுசன். அவர் குனிந்து தன்னைப் பார்த்துவிட்டு, "ஷோக்!" என்று சிங்களத்தில் மெச்சினார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "தலைவர், ரொம்ப நல்லா இருக்கு. இது உங்க ஊர் மாதிரி உடுப்பா?" என்று கேட்டார். அப்புறம் பாருங்கள், கொழுந்தெடுக்கும் பொம்பளைகள் அத்தனை பேரும் சிரித்த சிரிப்பு மேல் பிரிவு வரைக்கும் கேட்டிருக்கும். தொரை அதைக் கழற்றவும் இல்லை, போட்டுக்கொண்டே ரிப்பனை வெட்டினார், போட்டுக்கொண்டே ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினேன். ஒன்றுவிடாமல் எல்லாம் ஓட்டை. "யாரைக் கேட்டு வெட்டுனீங்க?" என்று கத்தினேன். பேச்சியம்மா கொஞ்சமும் அசரவில்லை. "உங்களக் கேட்டுத்தான். நீங்க டீவியில பட்ஜெட்ட பாத்து திட்டிக்கிட்டு இருந்தப்ப கேட்டேன், சரி சரின்னு தலைய ஆட்டுனீங்க. பெட்டிக்குள்ள கெடந்து கரப்பான் பூச்சி தின்னத நான்தான் எடுத்து புள்ளைக்கிட்ட குடுத்தேன். மிச்சத்த பத்திரமா மடிச்சு உறையில போட்டு வச்சதும் நான்தான்" என்றாள். அந்த இடத்தில் நான் வாயை மூடியிருந்தால் இந்தக் கடிதமே எழுத வேண்டியிருந்திருக்காது. ஆனால் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கத்திரிக்கோலோடு நின்றுகொண்டிருந்த உங்கள் மகளைப் பார்த்து, "தலைவர் வீட்டு மருமகளா நீ? கந்தல் பொறுக்கி!" என்று சொல்லிவிட்டேன். லயத்தில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிச் சொல்லிவிட்டேன்.

அந்தப் பிள்ளை அழவில்லை. கையிலிருந்த கத்திரிக்கோலை என் முன்னால் மேசையில் வைத்து, "இனிமே இதத் தொட மாட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பையைக் கட்டிக்கொண்டு வந்தது. பார்த்தால் அவளுக்குப் பின்னால் பேச்சியம்மாவும் பையோடு வருகிறாள். "நீ எங்கடி போற?" என்று கேட்டேன். "எம் மருமக போற எடத்துக்கு" என்றாள். போகிறபோது தேயிலைத் தூள் டப்பாவையும் டீவி ரிமோட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு ஒரு வாய் தேத்தண்ணிக்கு அடுத்த வீட்டு வாசலில் நிற்கிறேன் சம்மந்தி. டீவியில் ஏதோ ஒரு சேனலில் சிங்கள நாடகம் ஓடிக்கொண்டே இருக்கிறது, சத்தத்தைக் குறைக்கவும் வழியில்லை.

மறுநாள் காலையில் அடுப்படிக்குப் போனால் ஒரு சட்டியில் வெள்ளை வெளேரென்று கஞ்சி மூடி வைத்திருக்கிறது. கிராம்புகூடப் போட்டிருக்கிறது. என்னதான் கோபம் இருந்தாலும் மனுசன் பசியோடு கிடப்பானே என்று காய்ச்சி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. சீனி போட்டு ஒரு கோப்பை நிறையக் குடித்தேன். இரண்டாவது கோப்பை ஊற்றும்போது சட்டிக்குள்ளிருந்து பிரஷ் ஒன்று வந்தது. அது லோஜினி படம் ஒட்டுவதற்குக் காய்ச்சி வைத்த மைதாப் பசை. பூச்சி வராமல் இருக்கக் கிராம்பு போடுவாளாம், பக்கத்து வீட்டு லெட்சுமி சொன்னாள். அன்றைக்கு முழுவதும் எனக்குப் பசியும் இல்லை, வாயைத் திறந்து பேசவும் முடியவில்லை. லெட்சுமி, "இத முன்னாடியே குடிச்சிருக்கலாமே தலைவரே" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நல்ல மழை. தகரத்தில் ஓட்டை விழுந்து பின்னறையில் ஒழுக ஆரம்பித்தது. அங்கே சுவர்ப் பக்கமாகத் திருப்பிச் சாத்தி வைத்திருந்த பலகையில் தண்ணீர் சொட்டப் போனதால் தூக்கி இந்தப் பக்கம் வைத்தேன். அப்போதுதான் அதை நான் முதல்முதலாகப் பார்க்கிறேன். இத்தனை மாதம் அந்தப் பிள்ளை என் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து செய்த படத்தை நான் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

எங்கள் மலைதான் சம்மந்தி. பச்சைத் துணியில் எத்தனை பச்சை உண்டோ அத்தனையும் தேயிலைச் செடியாக நிற்கிறது. பாதை சாக்கு நார். மேலே சூரியன், சிவப்புப் பட்டும் தங்கச் சரிகையுமாக, தொரையின் கழுத்து போன அதே வட்டம். ஒரு பக்கம் வெள்ளை நூல் நூலாக அருவி ஒன்று விழுகிறது. தொட்டுப் பார்த்தால் என் மப்ளர். கழுத்து விறைத்துப் போய் அருவிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும் பொம்பளைகள். லோஜினி அவரவர் தலைத்துணியிலேயே ஒரு துண்டு வாங்கி அவரவர் தலையில் கட்டியிருக்கிறாள். பூப்போட்டது லெட்சுமி, கட்டம் போட்டது அவள் தங்கச்சி, பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. ஒவ்வொருத்தி தோளிலும் கூடைக் கயிற்றுக்குக் கீழே ஒரு பொன்னாடை. ரோடு திறந்தது ஒருத்திக்கு, குழாய் திறந்தது இன்னொருத்திக்கு. எல்லோருக்கும் முன்னால் நிற்பது பேச்சியம்மா. அந்த நீலப் புள்ளித் தலைத்துணியை எனக்குத் தெரியாதா? அவள் தோளில் மட்டும் ஒன்றும் இல்லை, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு அப்படியே விட்டிருக்கிறது.

நான் எங்கே என்று தேடினீர்களானால், மூலையில் இருக்கிறேன். குடைத் துணியில் ஒரு குட்டி மனுசன், கையில் மைக். வாய் இருக்கிற இடத்தில் என் காற்சட்டை ஜிப். முழுசாகத் திறந்து கிடக்கிறது.

எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. ஒழுகல் நிற்கும் வரைக்கும் பக்கத்து வீட்டுக் குடையை வாங்கி அந்தப் பலகைக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன், என் முதுகெல்லாம் நனைந்துவிட்டது. குடையை வாங்கிப் போக வந்த லெட்சுமி படத்துக்குக் கிட்டே போய் அந்தப் பூப்போட்ட தலைத்துணியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "தலைவரே, எனக்கும் பொன்னாடை போட்டிருக்கு பாருங்க" என்றாள். அவ்வளவுதான், லயம் முழுக்கச் செய்தி போய், மலையிலிருந்து இறங்கிய பொம்பளைகள் படங்குச் சாக்கைக்கூட இடுப்பிலிருந்து அவிழ்க்காமல் வரிசையாக வந்து தங்களைத் தாங்களே தேடிக் கண்டுபிடித்துவிட்டுப் போனார்கள். போகிறவள் எல்லாம் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். சனிக்கிழமை ஹட்டனில் கண்காட்சியாம், வகுப்பில் படித்த எல்லோருடைய படத்தையும் வைக்கப் போகிறார்களாம், எங்களையும் அங்கே எல்லோரும் பார்ப்பார்கள் என்று லோஜினி சொல்லியிருந்ததே, பிள்ளை எப்போது வரும், படத்தை எப்போது முடிக்கும்? சம்மந்தியம்மா நேற்று லெட்சுமியிடம் போனில், "புள்ள ஊசியக் கண்டாலே மொகத்த திருப்பிக்குது" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இது பசையால் இல்லை.

ஆனாலும் சம்மந்தி, மரியாதை என்று ஒன்று இருக்கிறது. இந்தத் தோட்டத்தையே கட்டி ஆண்டவன் நான். ஆகையால் என் முடிவை நிதானமாக யோசித்து எழுதுகிறேன். பேச்சியம்மா ரிமோட்டுடன் உடனே வீடு திரும்ப வேண்டும். லோஜினியும் வரலாம், ஆனால் இனிமேல் என்னைக் கேட்காமல், நான் தலையை ஆட்டினாலும் அது போதாது, வாயால் சொல்லாமல் என் சாமான் எதிலும் கத்திரி வைக்கக் கூடாது. வெட்டிய பொன்னாடைகளுக்கு என்ன பதில் என்பதையும் இரண்டு பேரும் பெரியவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். நான் அங்கே வந்து கூப்பிடுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். தலைவர்கள் படியேறிப் போய்க் கூப்பிடுவதில்லை. இதைத் தாங்கள் அவர்கள் இருவருக்கும் உரக்க வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சம்மந்தியம்மாவின் முழங்கால் வலி குறைய வேண்டும், உங்கள் தோட்டத்தில் கருவாடு காயவைக்கிற வெயில் எங்கள் பக்கமும் கொஞ்சம் அடிக்க வேண்டும், உங்கள் பசு நல்லபடியாகக் கன்று போட வேண்டும் என்று எல்லாத் தெய்வங்களையும் வேண்டிக்கொண்டு, பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசீர்வாதமும் சொல்லி இத்துடன் முடிக்கும்,

தங்கள் அன்புச் சம்மந்தி,
ப. ஆண்டியப்பன்
(முன்னாள் தலைவர்)

பி.கு.: மேலே எழுதியதைத் தயவுசெய்து உரக்க வாசிக்க வேண்டாம். தபாலில் போட்டால் சனிக்கிழமைக்குள் வந்து சேராது என்று தபால்காரர் சொல்லிவிட்டார், அதனால் முதல் பஸ்ஸைப் பிடித்து, ஹட்டனில் மாறி, தலவாக்கலையில் மாறி, நானே கொண்டுவந்துவிட்டேன். இதை உங்கள் கையில் கொடுத்த பையன் கைகாட்டுகிற பக்கம் பாருங்கள், உங்கள் வாசல் கொய்யா மரத்தடியில் நிற்பது நான்தான். என் கையில் இருக்கும் தலையணை உறைக்குள் ஒரு பொன்னாடை இருக்கிறது. பச்சைக் கரை போட்டது, ஓட்டை இல்லாதது. நான் சாகும்போது என்மேல் போர்த்தட்டும் என்று பேச்சியம்மாவுக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தேன். படத்தில் முன்னால் நிற்கிறவள் தோள் வெறுமையாக இருக்கிறது, அதற்கு இது சரியாக இருக்கும். கத்திரிக்கோலையும் கொண்டுவந்திருக்கிறேன், எங்கே வெட்ட வேண்டும் என்று லோஜினிதான் பார்த்துச் சொல்ல வேண்டும். கிளம்புகிறபோது படத்தில் என் வாயின் ஜிப்பை நானே இழுத்து மூடிவிட்டேன் சம்மந்தி. முழுசாக மூடவில்லை, "தப்புதாம்மா, வீட்டுக்கு வா" என்று சொல்லுமளவுக்குக் கொஞ்சம் திறந்தே விட்டிருக்கிறேன்.